ஈச் வே பந்தயம்: ஒரு குதிரை, இரண்டு பந்தயம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, லிவர்பூலில் நர்ஸாக வேலை பார்க்கும் என் அக்கா மகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரசீது. அன்று அங்கே ஏன்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் ஓட்டம். வருஷம் முழுக்க குதிரைப் பக்கமே திரும்பாதவர்கள்கூட அன்று ஒரு நாள் இரண்டு பவுண்டு, ஐந்து பவுண்டு போடுவார்களாம். வார்டில் எல்லோரும் போட்டார்கள் என்று இவளும் போட்டிருக்கிறாள். பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாமா, ரெண்டரை பவுண்டு ஈச் வேன்னு சொன்னேன், அஞ்சு பவுண்டு வாங்கிட்டாங்க. குதிரை நாலாவதா வந்துச்சு. சரி, போச்சுன்னு நெனச்சா பன்னெண்டரை பவுண்டு குடுக்கிறாங்க. எதுவுமே புரியல, கணக்கு வாத்தியாரு நீங்கதான் சொல்லணும்."

பள்ளிக்கூடத்தில் பின்னம் நடத்திய ஆள் நான், ரேஸ்காரன் இல்லை. ஆனால் ஈச் வே என்பது முழுக்க முழுக்கப் பின்னக் கணக்கு. அவளுக்குச் சொன்ன பதிலைக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்லப்போக, பெங்களூர் ரேஸுக்குப் போய்வரும் நண்பர்கள் மேலும் மேலும் கேட்டார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும்தான் இவை.

ஈச் வே என்றால் என்ன?

ஒரே குதிரைமேல் ஒரே நேரத்தில் போடும் இரண்டு பந்தயங்கள். முதலாவது வின்: அந்தக் குதிரை முதலாவதாக வந்தால்தான் காசு. இரண்டாவது ப்ளேஸ்: முதல் இரண்டு, மூன்று அல்லது நான்கு இடங்களுக்குள் வந்தால் போதும், ஆனால் முழு ரேட் கிடைக்காது, கால் பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான். இரண்டிலும் ஒரே அளவு பணம் போகும்.

ரெண்டரை சொன்னதற்கு ஏன் ஐந்து வாங்கினார்கள்?

வின்னுக்கு ரெண்டரை, ப்ளேஸுக்கு ரெண்டரை. கவுண்டரில் "ரெண்டரை ஈச் வே" என்றால் ஒவ்வொன்றுக்கும் ரெண்டரை என்று பொருள். மொத்தமே ரெண்டரைதான் போட வேண்டுமென்றால் "ஒன்றேகால் ஈச் வே" என்று கேட்டிருக்க வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் எல்லோரும் முதலில் சறுக்கும் இடம் இது. அவள் ரசீதிலும் கீழே மொத்தம் 5.00 என்று பளிச்சென்று இருந்தது, பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நாலாவது வந்த குதிரைக்குப் பன்னிரண்டரை எப்படி வந்தது?

ரசீதில் மூன்று விஷயங்கள் இருந்தன. ரேட் 20/1, அதாவது ஒன்றுக்கு இருபது. ப்ளேஸுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து இடம் வரை செல்லும்.

குதிரை முதலாவது வரவில்லை. வின்னுக்குப் போட்ட ரெண்டரை போய்விட்டது. நாலாவது வந்ததால் ப்ளேஸ் ஜெயித்தது. இருபதில் ஐந்தில் ஒன்று நான்கு, ரேட் 4/1. ரெண்டரைக்கு நான்கு மடங்கு பத்து பவுண்டு, அதோடு ப்ளேஸுக்குப் போட்ட ரெண்டரையும் திரும்பும். ஆக 12.50. போட்டது ஐந்து, நிகர லாபம் ஏழரை.

அதே குதிரை ஜெயித்திருந்தால்? வின் பாதியில் 50-உம் போட்ட 2.50-உம் சேர்த்து 52.50. முதலாவது வந்த குதிரை ஐந்துக்குள்ளும் வந்ததுதானே, எனவே ப்ளேஸ் பாதியின் 12.50-உம் உண்டு. மொத்தம் 65.

எத்தனை இடம், எத்தனை பங்கு என்று யார் முடிவு செய்வது?

எத்தனை குதிரை ஓடுகிறது என்பதை வைத்து, பிரிட்டனில் புக்கிகள், அதாவது ரேட் சொல்லிப் பந்தயம் வாங்குகிறவர்கள், வழக்கமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு ஒன்று உண்டு:

நான்கு அல்லது அதற்குக் குறைவான குதிரைகள்: வின் மட்டும், ப்ளேஸ் கிடையாது.
ஐந்து முதல் ஏழு: இரண்டு இடம், கால் பங்கு.
எட்டும் அதற்கு மேலும்: மூன்று இடம், ஐந்தில் ஒரு பங்கு.
ஹேண்டிகேப் ஓட்டத்தில் 12 முதல் 15: மூன்று இடம், கால் பங்கு.
ஹேண்டிகேப்பில் 16-உம் அதற்கு மேலும்: நான்கு இடம், கால் பங்கு.

ஹேண்டிகேப் என்றால் நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி, சுமாரான குதிரைக்குக் குறைத்து, எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தப் பார்க்கும் ஓட்டம். கிராண்ட் நேஷனலும் ஹேண்டிகேப்தான்; 2024 முதல் அதிகபட்சம் 34 குதிரைகள், அதற்கு முன்பு 40.

ப்ளேஸ் வந்தும் கைக்காசு போகுமா?

போகும். நிறையப் பேருக்கு இது தெரியாது.

2/1 ரேட்டில் இருக்கும் ஒரு குதிரைமேல் நூறு ஈச் வே போடுகிறோம். செலவு 200. ஐந்தில் ஒரு பங்கு ஓட்டம். குதிரை இரண்டாவது வருகிறது. ப்ளேஸ் ரேட் 2/5, அதாவது நூறுக்கு நாற்பது. கைக்கு வருவது 140. "குதிரை வந்துருச்சு" என்று கடையில் கைதட்டல், ஆனால் அறுபது ரூபாய் காலி.

எல்லைக்கோடு எளிது. கால் பங்கு ஓட்டத்தில் 4/1, ஐந்தில் ஒரு பங்கு ஓட்டத்தில் 5/1. அந்த ரேட்டில் ப்ளேஸ் வந்தால் போட்ட மொத்தப் பணம் அப்படியே திரும்பும். அதற்குக் கீழே என்றால் ப்ளேஸ் வந்தாலும் நஷ்டம். ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பும் ஃபேவரிட் குதிரைமேல் ஈச் வே போடுவது, பாதி டிக்கெட் வாங்கிக்கொண்டு தர்மபுரி பஸ்ஸில் ஏறி காரிமங்கலத்திலேயே இறங்குவது மாதிரி.

அப்படியென்றால் எந்த ஓட்டத்தில் ஈச் வே போடுவதில் அர்த்தம் இருக்கிறது?

டீக்கடையில் அதிக நேரம் போனது இந்தக் கேள்விக்குத்தான். ஒரு நண்பர் சர்க்கரை டப்பா மூடியில் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கிப் பார்க்கும் அளவுக்குப் போய்விட்டார். அதுவும் நல்ல வழிதான், அப்படியே வைத்துக்கொள்வோம். எல்லாக் குதிரைக்கும் சம வாய்ப்பு, புக்கி வின்னில் ஒரு பைசாகூடக் கமிஷன் வைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, ப்ளேஸ் பாதியை மட்டும் பார்ப்போம்.

ஐந்து சீட்டு. ஒரு சீட்டு முதலில் வர ஐந்தில் ஒரு வாய்ப்பு, நியாயமான ரேட் 4/1. இரண்டு இடம் உண்டு என்பதால் ப்ளேஸ் வாய்ப்பு ஐந்தில் இரண்டு; நியாயமாக நூறுக்கு 150 லாபம் தர வேண்டும். புக்கி தருவது நாலில் கால், அதாவது நூறுக்கு நூறு. ஐம்பது குறைகிறது.

எட்டு சீட்டு. வின் 7/1. ப்ளேஸ் வாய்ப்பு எட்டில் மூன்று; நியாயம் நூறுக்குச் சுமார் 167. கிடைப்பது ஏழில் ஐந்தில் ஒன்று, நூறுக்கு 140. இங்கேயும் குறைவு, ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது.

பன்னிரண்டு சீட்டு, ஹேண்டிகேப். வின் 11/1. ப்ளேஸ் வாய்ப்பு நாலில் ஒன்று. நியாயம் 300, கிடைப்பது 275.

பதினாறு சீட்டு, ஹேண்டிகேப். வின் 15/1. நான்கு இடம் என்பதால் ப்ளேஸ் வாய்ப்பு மறுபடியும் நாலில் ஒன்றுதான், நியாயம் 300. ஆனால் கிடைப்பது பதினைந்தில் கால், 375!

மூடியைக் குலுக்கியவர் இங்கேதான் நிமிர்ந்து பார்த்தார். பதினாறைத் தொட்டவுடன் தராசு போடுகிறவர் பக்கம் சாய்கிறது. நிஜ ஓட்டத்தில் புக்கி வின் ரேட்டிலேயே தன் பங்கைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார், குதிரைகளும் சம பலத்தில் இருக்காது. அதனால் இந்த 375 அப்படியே கைக்கு வந்துவிடாது. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறாது. ஈச் வே என்றாலே பதினாறு குதிரை ஹேண்டிகேப் என்று அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இன்னொரு வகை ஓட்டமும் உண்டு. சரியாக எட்டுக் குதிரை, அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட எங்கோ மேலே. வகுப்பில் ஒரு பெண் எப்போதும் முதல் ரேங்க் என்றால் மற்றவர்களுக்கு முதல் ரேங்க் கனவு, ஆனால் இரண்டாவது மூன்றாவது ரேங்க் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. குதிரையிலும் அப்படித்தான். ஃபேவரிட் வின் வாய்ப்பை விழுங்கிவிடுவதால் மற்ற நல்ல குதிரைகளின் ரேட் ஏறிவிடும். ப்ளேஸ் ரேட்டோ அந்த ஏறிய ரேட்டில் ஐந்தில் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்கிடப்படுகிறது. இந்த ஓட்டையைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறவர்களை புக்கிகளுக்கு அறவே பிடிக்காது. பந்தய அளவைக் குறைப்பார்கள், கணக்கையே மூடுவதும் உண்டு.

"கூடுதல் இடம்" என்று விளம்பரம் செய்கிறார்களே, இலவசமா?

என் அக்கா மகளின் ரசீதையே பாருங்கள். வழக்கமான கணக்கில் நான்கு இடம், கால் பங்கு. அவளுடைய கடை ஐந்து இடம் தந்தது, ஆனால் பங்கை ஐந்தில் ஒன்றாக்கிவிட்டது. அவள் குதிரை நாலாவது. பழைய கணக்கிலேயே அதற்குக் காசு உண்டு. 5/1 ரேட்டில் 15 பவுண்டு வந்திருக்கும். கிடைத்தது 12.50. ஐந்தாவது இடத்துக்கு அவள் கட்டிய வாடகை ரெண்டரை பவுண்டு.

பங்கைக் குறைக்காமல் இடத்தை மட்டும் கூட்டினால் அது நிஜமான சலுகை. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் சொல்ல முடியாது.

ரேட் பெரிதாக இருந்தால் ப்ளேஸ் மட்டுமே எவ்வளவு வரும்?

கிராண்ட் நேஷனலில் 2009-இல் மான் மோம் என்ற குதிரை 100/1-இல் ஜெயித்தது. 1967-இல் ஃபாய்னாவோனும் அதே 100/1. முன்னால் போன குதிரைகள் எல்லாம் ஒரு வேலியில் முட்டி மோதிச் சிக்கிக்கொள்ள, பின்தங்கி வந்த இது சந்தில் புகுந்து தாண்டிப் போய்விட்டது. நான்கு இடம், கால் பங்கு என்ற கணக்கில் 100/1 குதிரைமேல் ரெண்டரை ஈச் வே போட்டவருக்கு, அது நாலாவது வந்தாலே 65 பவுண்டு. ஜெயித்தால் 317.50. வருஷக்கணக்கில் ஓடி வீணாகும் 100/1 குதிரைகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பது வேறு கதை.

போட்ட பிறகு வேறு ஒரு குதிரை விலகிவிட்டால்?

இரண்டு அடி விழலாம்.

முதலாவது ரூல் ஃபோர். விலகிய குதிரை பலமானதாக இருந்தால், மிச்சக் குதிரைகளுக்கு வாய்ப்பு கூடிவிட்டது என்று சொல்லி லாபத்தில் ஒரு பங்கைப் பிடிப்பார்கள். விலகிய குதிரையின் ரேட் சமம், அதாவது ஒன்றுக்கு ஒன்று என்றால் நூறுக்கு 45. 2/1 என்றால் 30. 10/1 முதல் 14/1 வரை 5. அதற்கு மேல் பிடித்தம் இல்லை. நூறு ஈச் வே, 12/1, கால் பங்கு என்று போட்டு, 2/1 குதிரை விலகி, நம் குதிரை ஜெயித்தால் வின் லாபம் 1200 என்பது 840 ஆகும், ப்ளேஸ் லாபம் 300 என்பது 210 ஆகும். போட்ட பணத்தில் கை வைக்க மாட்டார்கள். மொத்தம் 1700 வர வேண்டிய இடத்தில் 1250.

இரண்டாவது அடி சத்தமில்லாமல் விழும். எட்டுக் குதிரை, மூன்று இடம் என்று நம்பிப் போட்டிருப்போம். கடைசி நேரத்தில் ஒன்று விலகி ஏழாகிவிட்டால், இரண்டே இடம்தான். நம் குதிரை மூன்றாவது வந்து நிற்கும், காசு வராது. எட்டாவது குதிரை கிளம்பும் கேட் வரை வந்து சேர்கிறதா என்று அங்கே அவ்வளவு பேர் பார்ப்பதற்குக் காரணம் இது.

டெட் ஹீட் ஆனால்?

இரண்டு குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டால் போட்ட பணத்தைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதிக்கு முழு ரேட் தருவார்கள். மூன்று இடம் உள்ள ஓட்டத்தில் மூன்றாவது இடத்துக்கு டெட் ஹீட் என்றால் ப்ளேஸ் நூறில் ஐம்பது போச்சு, மிச்ச ஐம்பதுக்குத்தான் கணக்கு. 12/1, கால் பங்கு என்றால் 200 வரும், போட்டதும் 200. அதே ஓட்டத்தில் இரண்டாவது இடத்துக்கு டெட் ஹீட் என்றால் இரண்டு குதிரையும் மூன்றுக்குள் அடங்கிவிடும், வெட்டு இல்லை.

ஈச் வே டபுள் என்கிறார்களே?

இரண்டு ஓட்டம், இரண்டு குதிரை. வின்னையும் வின்னையும் கோத்து ஒன்று, ப்ளேஸையும் ப்ளேஸையும் கோத்து ஒன்று. முதல் குதிரை ஜெயித்து இரண்டாவது ப்ளேஸ் மட்டும் வந்தால் வின் சங்கிலி அறுந்துவிடும், ப்ளேஸ் சங்கிலி பிழைக்கும். நான்கு குதிரைகளை 15 பந்தயமாகக் கோக்கும் லக்கி 15-ஐ ஈச் வேயாகப் போட்டால் 30 பந்தயம். ஒரு பவுண்டு என்று வாய் சொல்லும், முப்பது பவுண்டு கை கொடுக்கும்.

பெங்களூரில் ஈச் வே கேட்டால் தருவார்களா?

நம் மாவட்டத்துக்குப் பக்கத்து மைதானம் பெங்களூர்தான். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். (ஓசூர் மத்திகிரியில் இன்று மாடு வளர்க்கும் அரசுப் பண்ணை, வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக் குதிரை வளர்த்த இடம். குதிரைக்கும் நமக்கும் உறவு புதிதில்லை.) அங்கே மைதானமே நடத்தும் டோட் என்ற பந்தயக் கவுண்டரில் வின் தனிச் சீட்டு, ப்ளேஸ் தனிச் சீட்டு. இரண்டையும் ஒரே குதிரைக்கு வாங்கினால் நாமே கட்டிக்கொண்ட ஈச் வே ஆகும். ஆனால் கணக்கு அடியோடு வேறு.

புக்கியின் ஈச் வேயில் ப்ளேஸ் ரேட் என்பது வின் ரேட்டின் பிள்ளை. டோட்டில் ப்ளேஸுக்குத் தனி உண்டியல். ப்ளேஸுக்கு விழுந்த பணத்தை எல்லாம் சேர்த்து, வரியும் கழிவும் போக, மிச்சத்தை ப்ளேஸ் வந்த குதிரைகளின் சீட்டுக்காரர்களுக்குப் பிரிக்கிறார்கள். பத்து ரூபாய்க்கு இவ்வளவு என்று டிவிடெண்ட் அறிவிப்பார்கள். எல்லோரும் ஒரே ஃபேவரிட்மேல் குவித்திருந்தால் பத்துக்குப் பத்தோ பன்னிரண்டோதான் மிஞ்சும். ஓட்டம் முடியும்வரை ப்ளேஸ் எவ்வளவு தரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கூடவே ஓர் எச்சரிக்கை: எஸ்.எச்.பி. என்று ஒரு சீட்டு உண்டு. குதிரை இரண்டாவது வந்தால்தான் அதற்குக் காசு. ப்ளேஸ் என்று நினைத்து அதை வாங்கி, குதிரை முதலாவதாக ஜெயித்ததைப் பார்த்துக் குதித்துவிட்டு வெறுங்கையோடு ஓசூர் பஸ் ஏறியவர் எங்கள் டீக்கடையிலேயே இருக்கிறார்.

சட்டம், வரி எல்லாம் எப்படி?

குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் இல்லை, திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு மைதானத்துக்குள் உரிமத்தோடு நடப்பதைப் பற்றியது. பேப்பரில் எழுதிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வரும் ஆளிடம் போடுவதற்கு அது குடை பிடிக்காது. செல்போன் ஆப் விஷயத்தில், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அக்கா மகள் லிவர்பூலில் கடைக்குள் போய்ப் போட்டது அந்த ஊர்ச் சட்டப்படி சரி. அதே கடையின் ஆப்பை இங்கே இறக்கிப் போடலாமா என்று கேட்ட பையனுக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம்.

வரி பெரிய விஷயம். 2023 அக்டோபர் 1 முதல் பந்தயத்தில் போடும் முழுப் பணத்துக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. ஜெயித்த பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம், தோற்ற பணத்தை அதில் கழித்துக் காட்ட முடியாது. பிரிட்டனில் போடுகிறவர் தலையில் இருந்த பந்தய வரியை 2001-இலேயே எடுத்துவிட்டார்கள்; அவளுடைய பன்னிரண்டரை அப்படியே அவளுக்கு. ப்ளேஸ் லாபம் எப்போதுமே மெல்லியது. அதன்மேல் இவ்வளவு வரி உட்கார்ந்தால் மேலே நான் போட்டுக் காட்டிய கணக்கு எதுவும் இங்கே செல்லாது.

ஈச் வே பாதுகாப்பான பந்தயம்தானே?

இல்லை. அடிக்கடி கொஞ்சம் காசு திரும்பி வருவதால் பாதுகாப்பு மாதிரித் தெரிகிறது. 200 போட்டு 140 திரும்பினால் அறுபது தோற்றோம் என்று மனசு சொல்லாது, "வந்துச்சு பார்" என்றுதான் சொல்லும். என்னோடு பத்தாவது படித்த ஒருவன் ப்ளேஸ் ப்ளேஸ் என்றே நாலு வருஷத்தில் மாந்தோப்புக் குத்தகைப் பணத்தைக் கரைத்தான். ஒரு நாளும் பெரிதாகத் தோற்றதில்லை. நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

ப்ளேஸ் மட்டும் போட முடியாதா? வின் பாதி எதற்கு?

அக்கா மகள் கடைசியாகக் கேட்டது இது. "மாமா, ஜெயிக்காதுன்னு எனக்கே தெரியும். அந்த ரெண்டரைய எதுக்குக் குடுக்கணும்?"

ஈச் வே ரேட்டில் ப்ளேஸ் பாதியை மட்டும் தனியாகக் கேட்டால் புக்கி பொதுவாக எடுக்க மாட்டார். தனி ப்ளேஸ் சந்தை வைத்திருப்பவர்கள் அதற்கு வேறு ரேட் போடுவார்கள், கஞ்சமாகவே. பதினாறு சீட்டுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். நூறுக்கு 300 நியாயமாக இருக்கும் இடத்தில் 375 தர வேண்டியிருக்கும் புக்கி, அதை மட்டும் விற்றால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் தனக்கு லாபமான வின் பாதியையும் சேர்த்து வாங்கினால்தான் ப்ளேஸ் என்று கட்டிவைத்திருக்கிறார். ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமென்றால் டீத்தூள் பாக்கெட்டும் வாங்கு என்பார்களே, அதேதான். "அப்ப அந்த ரெண்டரை டீத்தூளா மாமா?" என்றாள். ஆமாம் என்றேன்.